நீமோவின் வீடு எது? ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துக் கடலைச் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2003 ஜூனில், கலிபோர்னியாவில் கழிவுநீர் இயந்திரங்கள் செய்யும் ஜேடபிள்யூசி என்ற நிறுவனம் பத்திரிகைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. வழக்கமாக அந்த மாதிரிக் குறிப்புகள் நேரே குப்பைக் கூடைக்குத்தான் போகும். இது போகவில்லை. செய்தி இதுதான்: சாக்கடைக் குழாய்கள் கடைசியில் கடலுக்குப் போவது உண்மைதான், ஆனால் வழியில் கெட்டியாக எது வந்தாலும் பொடிப்பொடியாக அரைத்துத் தள்ளும் இயந்திரங்கள் இருக்கின்றன, ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் வீட்டு மீனைக் கழிப்பறையில் விட்டுத் தண்ணீரை ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு கார்ட்டூன் படத்தின் பெயரை 'நீமோவை அரைத்தல்' என்று மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு கிண்டலும் அதில் இருந்தது.

படம், பிக்ஸார் நிறுவனத்தின் 'ஃபைண்டிங் நீமோ', அதாவது 'நீமோவைத் தேடல்'. மே 30 அன்று அமெரிக்காவில் வெளியாகியிருந்தது. அதில் மீன் தொட்டியில் அடைபட்ட ஒரு மூத்த மீன், எல்லாச் சாக்கடையும் கடலுக்குத்தான் போகிறது என்று குட்டி மீனுக்குத் தைரியம் சொல்லும். திரையரங்கில் இருந்த பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மீனுக்கு விடுதலை வேண்டும் என்று படம் சொன்னது, இவர்கள் கொடுத்தார்கள். இயற்கைமேல் அன்பு வைக்கச் சொன்ன ஒரு படம் எப்படி வேலை செய்யும், எந்த இடத்தில் வழுக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

பூமியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு படம் போடலாம் என்று நினைக்கும் ஆசிரியர்களுக்காகவும் பெற்றோர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எத்தனையோ படங்கள் இருக்க இதை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளியான பிறகு அது உலகத்தில் என்ன செய்தது என்று ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த படங்கள் மிகக் குறைவு. இது அந்தச் சிலவற்றில் ஒன்று.

கதையும் அது வந்த நேரமும்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது பெரும் பவளத்திட்டு. அங்கே கடல் சாமந்தி (பூவைப் போலிருக்கும் ஒரு கடல் விலங்கு) ஒன்றுக்குள் வாழும் ஒரு கோமாளி மீன் ஜோடி. ஒரு சீலா மீன் வந்து தாயையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் தின்றுவிடுகிறது. மிஞ்சியது ஒரே முட்டை. அதிலிருந்து வந்தவன்தான் நீமோ. பிறவியிலேயே ஒரு துடுப்பு சிறுத்தவன். பயந்தே வளர்க்கும் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஆழத்துக்கு நீந்திப் போகும்போது, முத்துக்குளிப்பவர் போல நீருக்குள் இறங்கிய ஒரு பல் மருத்துவர் அவனைப் பிடித்துக்கொண்டு சிட்னிக்குப் போய்விடுகிறார். மறதி நோய் பிடித்த டோரி என்ற நீல மீனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அப்பா தேடிப் போவதுதான் மிச்சக் கதை. இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது.

படத்தில் வரும் பவளத்திட்டு பளபளவென்று இருக்கும். ஊதா, மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும். ஆனால் நிஜத் திட்டு அதற்குள்ளேயே 1998இலும் 2002இலும் பெரிய அளவில் வெளுத்துப்போயிருந்தது. கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது பவள உயிர்கள் தம் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளை வெளியே தள்ளிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். சூடு நீடித்தால் செத்துப்போகும். அதாவது, படம் வெளியாவதற்கு ஓராண்டு முன்னால் அந்தக் கடல் காய்ச்சலில் கிடந்தது. படத்தில் அதன் சாயல்கூட இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாவும் மகனும் பற்றிய கதை அது. வகுப்பில் போடுகிறவர் இந்த விடுபடலைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோரும் நம்பிய ஒரு கதை

படம் ஓடிய கையோடு இன்னொரு செய்தியும் கிளம்பியது. நீமோவைப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் எனக்கு ஒரு நீமோ வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள், கடைகளில் கோமாளி மீன் விற்பனை எகிறிவிட்டது, அதனால் கடலில் அந்த மீன் அருகி வருகிறது என்பது அந்தச் செய்தி. 'நீமோ விளைவு' என்று அதற்குப் பெயரும் வந்தது. மீனைத் தொட்டியில் அடைப்பது தப்பு என்று சொன்ன படமே மீனைத் தொட்டியில் அடைக்க வைத்தது என்னும் அந்த முரண் கேட்க நன்றாக இருந்தது. அதனால் பத்தாண்டுக்கும் மேலாக அது ஓடியது. விதவிதமான எண்கள் உலவின. ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையை ஆதாரம் காட்டும், அது மூன்றாவதைக் காட்டும்.

நானும் பல நாள் இதை நம்பியவன்தான். நம்பாமல் இருக்க முடியாதபடி அச்சாகப் பொருந்தியது.

2017இல் தேன் மிலிட்ஸ், சைமன் ஃபோல் என்ற இருவர் மீன்வள ஆய்விதழ் ஒன்றில் இதைத் தோண்டிப் பார்த்து எழுதினார்கள். படம் வந்த கையோடு ரசிகர்கள் போய்க் கடலில் பிடித்த கோமாளி மீன்களை வாங்கிக் குவித்தார்கள் என்பதற்குப் பெரிதாகச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. 2016 ஜூனில் அடுத்த பாகமான 'ஃபைண்டிங் டோரி' வந்தபோது பழைய பயம் திரும்பியது. நீமோவின் இனமாவது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும். டோரியின் இனமான ப்ளூ டேங் அப்போது வரை முழுக்க முழுக்கக் கடலில் பிடித்து விற்கப்பட்ட மீன். (ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அதைத் தொட்டியில் முதன்முதலாக வளர்த்தெடுத்த செய்தி படம் வந்த அடுத்த மாதமே வந்தது.) ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த தியோகோ வெரிசிமோவும் இரண்டு கூட்டாளிகளும் அமெரிக்காவுக்குள் வந்த ப்ளூ டேங் எண்ணிக்கை, மீன் காட்சியகங்களுக்குப் போனவர்களின் எண்ணிக்கை, கூகுள் தேடல் ஆகிய மூன்றையும் அலசினார்கள். 2019இல் முடிவு வெளியானது. இறக்குமதி கூடவில்லை. காட்சியகத்துக்குக் கூட்டமும் கூடவில்லை. கூடியது தேடல் மட்டும்தான். அதுவும் படம் வந்த இரண்டு மூன்று வார காலத்தில்.

இந்த ஒரு முடிவில் ஆசிரியருக்கு வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலாவது, பெரியவர்களைப் பற்றியது. பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள் என்று நாம் சொல்லிக்கொண்ட கதையை யாரும் சரிபார்க்கவில்லை. ஒரு படம் பிள்ளைகளைக் கெடுத்தது என்பதையும் திருத்தியது என்பதையும் ஒரே மாதிரிச் சட்டென்று நம்பிவிடுகிறோம். 'இந்தப் படம் பார்த்த பிறகு என் வகுப்புப் பிள்ளைகள் மாறிவிட்டார்கள்' என்று அறிக்கை எழுதும் ஆசிரியரும் இதில் சேர்த்திதான்.

இரண்டாவது, அந்த இரண்டு மூன்று வாரம். படம் ஒரு கதவைத் திறக்கிறது. பார்த்தவர்கள் அந்த மீன் எது, எங்கே இருக்கும் என்று தேடிப் போகிறார்கள். யாரும் உள்ளே கூட்டிப் போகவில்லை என்றால் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் படம் போட்டுவிட்டு, திங்கட்கிழமை வழக்கம் போலப் பாடத்தை எடுத்தால் படம் போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. வேலை எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள் நடக்க வேண்டும்.

படம் திருத்திக்கொண்டதும் மறைத்துக்கொண்டதும்

படம் எடுத்தவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஆடம் சம்மர்ஸ் என்ற மீன் அறிவியலாளரை அழைத்து, மீன் எப்படி நீந்துகிறது, துடுப்பு எப்படி அசைகிறது என்று ஓவியர்களுக்குப் பாடமே நடத்த வைத்தார்கள். பவளத்திட்டுக் காட்சிகளில் முதலில் கெல்ப் என்ற நீளமான கடற்பாசியை வரைந்திருந்தார்கள். அது குளிர்ந்த நீரில்தான் வளரும், பவளம் இருக்கும் வெதுவெதுப்பான நீரில் வராது என்று நிபுணர்கள் சொன்னதும் அத்தனையையும் அழித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்தே விட்டுவிட்டார்கள். கோமாளி மீன்களில் ஒரு சாமந்திக்கு ஒரு பெண்தான். கூட்டத்திலேயே பெரியது அது. அடுத்த பெரியது ஆண். மற்றவை சின்னவை, இன்னும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறும், சின்னவற்றில் பெரியது ஆணாகும். அப்படியானால் படத்தின் ஐந்தாவது நிமிடத்திலேயே நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். அதோடு, முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு நாள் நீரோட்டத்தில் மிதந்து வேறெங்கோ போய்த்தான் ஒரு சாமந்தியைப் பிடிக்கும். தகப்பனும் பிள்ளையும் ஒரே வீட்டில் குடியிருப்பது அபூர்வம்.

இதை வகுப்பில் சொல்லலாமா என்று சிலர் தயங்குவார்கள். சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதில் கூச்சம் எதுவும் இல்லை. 'அய்யோ, அப்பா அம்மாவா ஆயிடுமா!' என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். கூச்சமெல்லாம் நமக்குத்தான். இந்தத் தகவலில் வேறொரு பயன் இருக்கிறது. ஒரு சாமந்தியிலிருந்து பெரிய மீனைப் பிடித்துக்கொண்டு போனால் போனது ஒரு மீன் மட்டுமில்லை. ஒரு குடும்ப வரிசையே இடம் மாறி, மறுபடி முட்டை வைக்க மாதக்கணக்கில் ஆகும். பிடிப்பவர் கண்ணுக்குப் பெரிதாகவும் அழகாகவும் படுவது எது? அந்தப் பெண் மீன்தான்.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. நீமோ என்று நாம் நினைக்கும் மீனும் பெரும் பவளத்திட்டில் இருக்கும் மீனும் ஒன்றா என்பதே கேள்வி. கடைகளில் நீமோ என்று விற்பது பெரும்பாலும் ஒசெல்லாரிஸ் என்ற இனம். அது தென்கிழக்கு ஆசியப் பக்கத்து மீன். பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரியான பெர்குலா. பார்த்தால் பிரித்தறிய முடியாது. முதுகுத் துடுப்பு முள்ளை எண்ணினால் பெரும்பாலும் ஒசெல்லாரிஸுக்குப் பதினொன்று, பெர்குலாவுக்குப் பத்து இருக்கும். எண்ணுவதில் ஆசை உள்ள பையன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான், இது அவனுக்கு.

எங்கே நிறுத்துவது

படம் 100 நிமிடம். ஒரே மூச்சில் போட்டுவிட்டு 'என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்று கேட்டால், 'அப்பா சொல்பேச்சுக் கேட்கணும்' என்ற பதில்தான் வரும். அது தப்பான பதிலும் இல்லை. துண்டு துண்டாகப் போட்டு நிறுத்துவது நல்லது. நான் நிறுத்தும் இடங்கள் நான்கு. நான்கும் சம அளவு கனமானவை இல்லை. முதலாவதிலும் கடைசியிலும்தான் சரக்கு அதிகம்.

பல் மருத்துவர் நீமோவைப் பிடிக்கும் இடம் முதல் நிறுத்தம். கொஞ்சம் கழித்து, அந்த மருத்துவர் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்வார். அந்தக் குட்டி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது, நான்தான் காப்பாற்றினேன் என்பது அவர் எண்ணம். சிறுத்த துடுப்பைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டார். இந்தப் படத்தின் மிகக் கூர்மையான இடம் என்று இதைத்தான் சொல்வேன். அவர் வில்லன் இல்லை. மீன்மேல் பிரியம் உள்ளவர். தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறார், அண்ணன் மகளோ தங்கை மகளோ, அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக மீனைக் கொடுக்கப் போகிறார். நீமோ வீட்டை இழந்தது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் இல்லை.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் 'யார் செய்தது தப்பு?' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தீர்ப்பை நாம் சொல்லக் கூடாது. கிளி வளர்க்கும் வீடு, ஆமைக்குஞ்சை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்த மாமா, சாலையில் கிடந்த அணில்குஞ்சு என்று பேச்சு போகும். அழகானதைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவரத் தோன்றுவது மனித இயல்பு. அது எங்கே பராமரிப்பு, எங்கே பறிப்பு என்ற கோடு பெரியவர்களுக்கே தெளிவில்லாதது. பிள்ளைகள் அதில் குழம்பட்டும்.

இரண்டாவது நிறுத்தம் தொட்டிக்குள். புதிதாக வந்த நீமோ கடலிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் மற்றவை வியக்கும். கடையில் வாங்கியது, தபாலில் வரவழைத்தது, இணையத்தில் ஏலம் எடுத்தது என்று ஒவ்வொன்றும் தான் வந்த வழியைச் சொல்லும். ஒரு உலக வரைபடத்தை விரித்து நூலும் குண்டூசியும் கொடுங்கள். அந்தத் தொட்டியில் இருக்கும் ஊதாவும் மஞ்சளுமான ராயல் கிராமா கரீபியன் கடலுக்கு உரியது. மஞ்சள் டேங் பெரும்பாலும் ஹவாயிலிருந்து வந்தது. அங்கே 2017இல் நீதிமன்றம் தலையிட்டு மீன் பிடிக்கும் அனுமதிகளை நிறுத்தி வைத்தது. சிட்னியில் ஒரு பல் மருத்துவர் அறையில் இரண்டு பெருங்கடல்கள் ஒரு தொட்டிக்குள் இருக்கின்றன. 2003இல், படம் வந்த அதே ஆண்டில், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சார்ந்த ஓர் அறிக்கை வந்தது. ஆண்டுக்கு 2 கோடிக்கும் அதிகமான கடல் மீன்கள் அலங்காரத் தொட்டிகளுக்காக விற்கப்படுகின்றன, அதில் ஏறக்குறைய பாதி கோமாளி மீனும் அதன் உறவினங்களும் என்றது. பெரும்பகுதி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களில் பிடித்தது. வாங்குவதில் முதலிடம் அமெரிக்கா.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் வலை வைத்துப் பிடிப்பதில்லை. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய ஒரு வழக்கம், சயனைடு மாத்திரையை நீரில் கரைத்துப் பவள இடுக்குகளில் பீய்ச்சுவது. மீன் மயங்கி வெளியே மிதந்து வரும், அள்ளிக்கொள்ளலாம். அந்த மீனுக்கு வீடாக இருந்த பவளம் அந்த விஷத்தில் சாகும். சட்டப்படி தடை உண்டு, முழுக்க ஒழியவில்லை. பிடிக்கும் ஏழை மீனவரை வில்லனாக்கிவிடாமல் சொல்வது ஆசிரியரின் சாமர்த்தியம்.

மூன்றாவது நிறுத்தம், ஆமைகள் சவாரி செய்யும் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம். ஓர் அதிவேக நெடுஞ்சாலை போலப் படத்தில் காட்டுகிறார்கள். வேகம் மிகைதான். ஆனால் அந்த நீரோட்டம் நிஜம். வடக்கே பவளக் கடலில் பிறந்த மீன் குஞ்சுகள் அதில் மிதந்து கோடையில் சிட்னி கரை வரை வருவதும் நிஜம். வந்தவை குளிர்காலத்தில் செத்துவிடும். கடல் சூடாகச் சூடாக, குளிர்காலத்தையும் தாண்டுபவை கூடுகின்றன. நீமோ சிட்னிக்கு வர இனிமேல் பல் மருத்துவர் தேவையில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கேதான் படத்தில் இல்லாத வெப்பத்தை உள்ளே கொண்டுவர முடியும். 'டோரி' வெளியான 2016இல் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமில்லாத நீரில் இருந்த பவளத்தில் மூன்றில் இரண்டு பங்கு செத்தது. அடுத்து 2017, 2020, 2022, 2024 என்று வெளுப்பு திரும்பத் திரும்ப வந்தது. பவளம் மட்டும் வெளுப்பதில்லை, கடல் சாமந்தியும் வெளுக்கும். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் சாமந்திகள் வெளுத்தபோது அவற்றில் குடியிருந்த கோமாளி மீன்களின் இரத்தத்தைச் சோதித்தவர்கள், மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் ஏறியிருந்ததையும் முட்டையிடுவது 73 விழுக்காடு குறைந்ததையும் கண்டார்கள். வீட்டுச் சுவர் வெளுத்தால் உள்ளே இருப்பவருக்கு நோவு வருகிறது.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடிக்கக்கூடிய ஒன்று பாப்புவா நியூகினியாவில் கிம்பே விரிகுடாவிலிருந்து 2025இல் வந்தது. 2023இன் வெப்ப அலையின்போது 134 கோமாளி மீன்களை மாதந்தோறும் அளந்தார்கள். பெரும்பாலானவை குறுகியிருந்தன. மெலிவு இல்லை, நீளமே குறைந்திருந்தது. குறுகியவை பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. அளவுகோலும் பொறுமையும் இருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம்! ஒரு செடியின் இலையை மாதந்தோறும் அளக்கச் சொல்ல இதைவிட நல்ல தூண்டுகோல் கிடைக்காது.

சாக்கடை எங்கே போகிறது

நான்காவது நிறுத்தம், தொடக்கத்தில் சொன்ன அந்த வசனம். நீமோ பல் மருத்துவர் அறையின் துப்பும் தொட்டி வழியாகக் குழாயில் இறங்கிக் கடலுக்குப் போய்ச் சேர்கிறான். அமெரிக்க நிறுவனம் அரைக்கும் இயந்திரத்தைக் காட்டி அதை மறுத்தது. சரி, நம் ஊரில்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. அதில் உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு இருபத்தெட்டு. மிச்சம் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. சென்னையில் கூவம் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு புரியும். ஆக, எல்லாச் சாக்கடையும் கடலுக்குத்தான் போகிறது என்ற அந்த மீனின் பேச்சு கலிபோர்னியாவில் பாதி பொய், நமக்கு முக்கால்வாசி மெய்.

இதற்குத் திரை தேவையில்லை. பள்ளியில் கை கழுவும் குழாயடியில் தொடங்கி, தண்ணீர் எந்தக் குழியில் இறங்குகிறது, அந்தக் குழி எந்தக் கால்வாயில் சேர்கிறது, அது எந்த ஏரியில் அல்லது ஆற்றில் விழுகிறது என்று பிள்ளைகளே நடந்து போய்ப் பார்த்து ஒரு படம் வரையட்டும். பாதி வழியில் யாருக்கும் தெரியாத இடம் ஒன்று வரும். பஞ்சாயத்து அலுவலகத்திலோ நகராட்சியிலோ போய்க் கேட்க வேண்டியிருக்கும். படம் பார்த்த இரண்டு வாரத்துக்குள் இது நடந்தால், நீமோவின் பெயரைச் சொல்லியே கேட்பார்கள். ஒரு மாதம் கழித்துச் செய்தால் அது வெறும் அறிவியல் செயல்திட்டம்.

நம் பக்கத்துக் கோமாளி மீன்

ஆஸ்திரேலியாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், கடல் என்பது வேறு யாருடையதோ என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடும். மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தப் பவளத்திட்டுகளிலும் கடல் சாமந்தி உண்டு. அதில் கோமாளி மீன் இனம் ஒன்றும் உண்டு. செபே என்று பெயர், ஆரஞ்சு குறைந்து கறுப்பு கூடிய உடம்பு. பார்க்க நீமோவைப் போல இருக்காது என்பதால் அதை யாரும் பொம்மையாகச் செய்யவில்லை. ஒரு காலத்தில் இந்தத் திட்டுகளிலிருந்து பவளக் கல்லை வெட்டிக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2010இலும் 2016இலும் இங்கும் பவளம் வெளுத்தது.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'சேவிங் நீமோ' என்ற பெயரில் செய்வதும் இதையும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதையும்தான். கடலில் பிடிக்காமல் தொட்டியில் பிறந்த மீனை விற்கலாம், வாங்கலாம் என்பது இதன் பின்னால் இருக்கும் யோசனை. சென்னையில் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகிற பிள்ளை கடைக்காரரிடம், 'அண்ணா, இது கடல்ல புடிச்சதா, தொட்டியில பொறந்ததா?' என்று கேட்டால் போதும். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். நாலு பேர் கேட்டால் அவரும் தான் வாங்குகிற இடத்தில் கேட்பார்.

தெரிந்துகொள்வது எப்படி

பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று பார்க்கத் தேர்வுத்தாள் உதவாது. 'கடலை ஏன் பாதுகாக்க வேண்டும்?' என்று கேட்டால், எதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்பது அவர்களுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். படம் போடுவதற்கு முந்தைய நாள் ஒரு வெள்ளைத்தாளில் 'கடல்' வரையச் சொல்லிப் பெயர் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வரையச் சொல்ல வேண்டும். ஒப்பிடும்போது அழகைப் பார்க்க வேண்டாம். தாளில் நீமோ எவ்வளவு பெரிதாக இருக்கிறான், அவனுக்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம். முகமும் கண்ணும் சிரிப்பும் உள்ள மீன் தாளை அடைத்துக்கொண்டு நின்றால் பிள்ளை இன்னும் படத்துக்குள்தான் இருக்கிறது. சாமந்தி வந்திருந்தால், பாசி வந்திருந்தால், ஓரத்தில் ஒரு குழாயோ படகோ மனிதனோ வந்திருந்தால், கண் மீனிலிருந்து வீட்டுக்கு நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். படம் காதலிக்க வைப்பது ஒரு மீனை. பாதுகாக்க வேண்டியது அதன் வீட்டை. முகம் இல்லாத சாமந்திமேல் ஒரு பிள்ளைக்கு அக்கறை வருவது எளிதில்லை. இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான்.

பெரும் பவளத்திட்டில் மீன் பிடிக்கவே கூடாத பகுதிகள் முன்பு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. 2004 ஜூலையில் அதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்தினார்கள். படம் வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட ஆசை வரும். அந்தத் திட்டம் படத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிப் பொதுமக்கள் கருத்துக் கேட்டு நடந்த வேலை. நீமோவுக்கு அதில் பங்கு இல்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி ஒன்று. தொட்டி மீன்கள் எல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தபடியே ஜன்னல் வழியாக உருண்டு, சாலையைத் தாண்டி, சிட்னி துறைமுகத்தில் பொத்தென்று விழுகின்றன. திட்டம் பலித்துவிட்டது. பை மட்டும் கட்டியபடியே இருக்கிறது. வெளியே கடல், உள்ளே தொட்டித் தண்ணீர். எல்லாம் கொஞ்ச நேரம் முழிக்கின்றன. இனி என்ன செய்வது என்று ஒன்று கேட்கிறது, படம் முடிந்துவிடுகிறது. திரையரங்கில் அதற்குச் சிரித்தோம். வகுப்பில் விளக்கைப் போட்டபிறகு, அந்தப் பையை யார் அவிழ்ப்பது, அவிழ்த்தபின் பை எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். மணி அடிக்கும்வரை பேசுவார்கள்.